டேட்டா சென்டர் நெரிசல்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் கிராஃபில் எந்த லிங்கும் 30 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆனாலும் ஸ்விட்சில் பேக்கெட் டிராப் (டேட்டா துண்டுகள் இடமில்லாமல் கைவிடப்படுவது) ஏறிக்கொண்டே போகிறது. எப்படி சார்?

பதில்: அது 5 நிமிட சராசரியாக இருக்கும். 5 நிமிடம் என்றால் 30 கோடி மைக்ரோ விநாடி, நெரிசலோ சில நூறு மைக்ரோ விநாடியில் வந்து போய்விடுகிறது. சராசரியில் அது தெரியவே தெரியாது. ஒவ்வொரு போர்ட்டிலும் க்யூ (வெளியேறக் காத்திருக்கும் பேக்கெட் வரிசை) அதிகபட்சம் எவ்வளவு நீண்டது, எந்த க்யூவில் டிராப் ஆனது என்ற கவுன்ட்டர்களை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஒரு சர்வர் 40 கேஷ் சர்வர்களிடம் (அடிக்கடி தேவைப்படும் டேட்டாவை நினைவகத்தில் வைத்திருப்பவை) ஒரே நேரத்தில் டேட்டா கேட்கிறது. 3 மில்லி விநாடியில் முடிகிற வேலை திடீரென்று 200ஐத் தாண்டிவிடுகிறது.

பதில்: அந்த 200 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள், விடை அதில்தான் இருக்கிறது. பலர் ஒரே நேரத்தில் ஒருவருக்கே அனுப்பித் திணறடிக்கும் இதற்கு இன்காஸ்ட் என்று பெயர். 40 பேரும் ஆளுக்கு 64 கேபி அனுப்பினால் சுமார் 2.5 எம்பி, அத்தனையும் ஒரே 10ஜி போர்ட் வழியாக வெளியேற வேண்டும். சீராக வந்தால் 2 மில்லி விநாடி போதும், ஆனால் எல்லாம் ஒரே கணத்தில் வந்து விழுவதால் அந்த போர்ட்டுக்குக் கிடைக்கிற பஃபர் (பேக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவகம்) வழிந்துவிடுகிறது. ஒரு பதிலின் கடைசி பேக்கெட்டுகள் விழுந்தால் அவற்றுக்குப் பின்னால் எதுவும் வராது, அதனால் இழப்பு அனுப்பியவருக்குத் தெரியாமலே போய், டைம்அவுட் முடிந்து மீண்டும் அனுப்பும் வரை காத்திருக்க நேரலாம். லினக்ஸில் அந்தக் குறைந்தபட்ச டைம்அவுட் 200 மில்லி விநாடி. 100 மைக்ரோ விநாடியில் போய்த் திரும்பும் நெட்வொர்க்கில் அது 2000 சுற்று வீண்! ரூட் அமைப்பில் ஆர்டிஓ_மின் (rto_min) என்ற இந்தக் குறைந்தபட்ச அளவைக் குறைக்கலாம். ஆனால் எதிர்முனை அக்னாலெட்ஜ்மென்ட்டை (வந்து சேர்ந்தது என்ற பதிலை) 40 மில்லி விநாடியோ அதற்கு மேலோ பிடித்து வைக்கக்கூடும் என்பதால் பார்த்துச் செய்யுங்கள். நான் முதலில் கை வைப்பது அப்ளிகேஷனில்தான்: 40 பேரையும் ஒன்றாகக் கேட்காமல் பத்துப் பத்தாகக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பெரிய பஃபர் உள்ள ஸ்விட்ச் வாங்கினால் தீராதா?

பதில்: டிராப் குறையும், காத்திருப்பு கூடும். 10ஜி போர்ட்டில் 1 எம்பி தேங்கினால் 0.8 மில்லி விநாடி தாமதம். வழக்கமான டிசிபி (டேட்டாவை அனுப்பி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் பொது நெறிமுறை), பேக்கெட் விழுந்த பிறகுதான் வேகத்தைக் குறைக்கும், எனவே நீங்கள் எவ்வளவு பெரிய பஃபர் கொடுத்தாலும் ஒரு நீண்ட பேக்கப் ஓட்டம் அதை நிரப்பிவிடும், பாவம், சின்னச் சின்ன க்வெரிகள் அதன் பின்னால் நிற்கும்.

கேள்வி: அப்போது டிசிடிசிபி (டேட்டா சென்டருக்கான டிசிபி) போடலாமா?

பதில்: தாராளமாக, லினக்ஸில் 3.18 கெர்னலிலிருந்தே இருக்கிறது. 2001இல் வந்த ஆர்எஃப்சி 3168 (இணைய நெறிமுறை ஆவணம்) முறையில் ஒரு ஈசிஎன் குறி (நெரிசல் வருகிறது என்று ஸ்விட்ச் பேக்கெட்டில் போடும் எச்சரிக்கை) வந்தாலே விண்டோ (பதிலுக்குக் காத்திராமல் அனுப்பக்கூடிய அளவு) பாதியாகும். 2010இல் வெளிவந்து, 2017இல் ஆர்எஃப்சி 8257 ஆன டிசிடிசிபி எத்தனை பேக்கெட்டில் குறி இருக்கிறது என்று எண்ணுகிறது. 100க்கு 10 என்ற விகிதம் நீடித்தால் 5 சதவீதம் மட்டும் குறைக்கும், அதனால் க்யூவும் குட்டையாக இருக்கும், லிங்கும் காலியாகாது. க்யூவில் எவ்வளவு சேர்ந்ததும் ஸ்விட்ச் குறியிட வேண்டும் என்ற அளவைச் சிறியதாக வையுங்கள். அந்த 2010 கட்டுரையில் 10ஜிக்கு 65 பேக்கெட். ஆனால் ஈசிஎன் இல்லாத டிசிபியை அதே க்யூவில் விடவே விடாதீர்கள்! டிசிடிசிபிக்குக் குறி போடுகிற அதே இடத்தில் ஈசிஎன் இல்லாதவருக்கு டிராப் விழும், அவர் பட்டினி கிடப்பார். தனி க்யூ கொடுங்கள்.

கேள்வி: ஆர்டிஎம்ஏவுக்கு (ஒரு சர்வர் இன்னொன்றின் நினைவகத்தை நேரடியாக எட்டும் முறை) பிஎஃப்சி (பஃபர் நிரம்பும்போது அனுப்புவதை நிறுத்தச் சொல்லும் முறை) போட்டுவிட்டோம். அதுவே போதுமா?

பதில்: போதாது. பிஎஃப்சி குற்றவாளியை மட்டும் நிறுத்துவதில்லை, அந்த ப்ரயாரிட்டியில் (முன்னுரிமை வகுப்பில்) இருக்கும் எல்லோரையும் நிறுத்துகிறது, நிறுத்தம் ஸ்விட்ச் ஸ்விட்சாகப் பின்னோக்கிப் பரவும். ஈசிஎன் குறி அதற்கு முன்பே விழும்படி அளவுகளை அமைத்து டிசிக்யூசிஎன் (அந்தக் குறியைப் பார்த்து ஆர்டிஎம்ஏ வேகத்தைக் குறைக்கும் முறை) ஓட்டுங்கள். பிஎஃப்சி கடைசித் தடுப்பு மட்டுமே.

கேள்வி: ஜிபியூ கிளஸ்டரில் இரண்டு அப்லிங்க் (மேல்நிலை ஸ்விட்சுக்குப் போகும் லிங்க்) நிரம்பி வழிகிறது, மற்றவை சும்மா இருக்கின்றன.

பதில்: ஈசிஎம்பி ஹாஷ் மோதல், அதாவது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு லிங்கைக் கணக்கிட்டு ஒதுக்கும்போது பல ஓட்டங்கள் ஒரே லிங்கில் விழுவது. 8 பெரிய ஓட்டங்களை 8 லிங்கில் ஹாஷ் போட்டால் ஆளுக்கொரு லிங்க் சரியாக அமைவது 1000 தடவையில் இரண்டு மூன்று தடவைதான். நெரிசல் கட்டுப்பாடு இங்கே உதவாது, அது வேகத்தைத்தான் குறைக்கும், காலி லிங்குக்கு மாற்றிவிடாது. ஓட்டத்தைப் பல க்யூ பேர்களாக (ஆர்டிஎம்ஏவின் தனித்தனி இணைப்புகளாக) பிரித்துப் பாருங்கள். வரிசை மாறி வருவதை உங்கள் என்ஐசி (நெட்வொர்க் கார்டு) தாங்கும் என்றால் பேக்கெட் ஸ்ப்ரேயிங் (ஒரே ஓட்டத்தின் பேக்கெட்டுகளை எல்லா லிங்கிலும் தூவுவது) இன்னும் நல்லது.