பெப்பர் ஸ்ப்ரே: சென்னையில் வாங்கி மெல்பர்னுக்கு எடுத்துப் போகலாமா?

கேள்வி: என் மகள் மெல்பர்னுக்குப் படிக்கப் போகிறாள். இரவில் தனியாக நடக்க நேரும் என்று சென்னையிலுள்ள என் நாத்தனார் பெப்பர் ஸ்ப்ரே வாங்கி வைத்திருக்கிறார். ஊருக்குப் போகும்போது வாங்கி வரலாமா, அல்லது இங்கிருந்தே இணையத்தில் வரவழைக்கலாமா? பெர்த்தில் படிக்கும் அவள் தோழி ஒன்று வைத்திருக்கிறாளாம்.
– வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: இரண்டும் வேண்டாம். நாத்தனாரே வைத்துக்கொள்ளட்டும், இந்தியாவில் அது கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பொருள். சிங்கப்பூரிலோ அது ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வருகிறது. காவல்துறை அனுமதியின்றிக் கொண்டுவருவதும் வைத்திருப்பதும் குற்றம். தற்காப்புக்குத்தான் என்றாலும் விலக்கில்லை.

இணையத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘சிங்கப்பூருக்கு அனுப்புவோம்’ என்று போட்டிருந்தால் இங்கே சட்டப்படி செல்லும் என்று பொருளில்லை. விற்றவர் எங்கோ இருப்பார். பார்சலில் இருப்பதோ உங்கள் பெயர்.

விமானத்திலும் இதே கதைதான். பன்னாட்டு விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் விதிப்படி கைப்பை, செக்-இன் பெட்டி இரண்டிலுமே கூடாது. அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்பு விதிகள் 118 மில்லிலிட்டருக்கு மிகாத ஒரே ஒரு குப்பியைச் செக்-இன் பெட்டியில் வைக்க விடுகின்றன. இணையத்தில் சுற்றும் ‘பெட்டியில் போட்டால் போதும்’ என்ற யோசனை அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும். அங்கேயே பல விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை.

சரி, எப்படியோ போய்ச் சேர்ந்தாலும்? மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் அது தடை செய்யப்பட்ட ஆயுதம். தோழி இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவில், தற்காப்புக்கு நியாயமான காரணம் இருந்தால் வைத்திருக்கலாம். ஒரே நாடுதான், மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு! வெளியிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுவரவோ தனி அனுமதி வேண்டும். பெர்த்துக்கே போனாலும் இங்கிருந்து எடுத்துப் போக முடியாது. படிப்பு பிரிட்டனில் என்றால் இன்னும் கடுமை: 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்திலேயே அதையும் சேர்த்திருக்கிறார்கள்.

மகள் கையில் ஏதாவது இருந்தால்தான் நிம்மதி என்றால், பின்னை இழுத்தால் அலறும் தனிநபர் அலாரம் வாங்கிக் கொடுங்கள். இங்கே உரிமம் தேவையில்லை. சாவிக்கொத்து அளவில் 130 டெசிபல் என்று போட்டே விற்கிறார்கள். அந்த எண்ணை அப்படியே நம்பாமல், கடையில் ஒருமுறை அலற விட்டுப் பாருங்கள். பின்னைத் திரும்பச் சொருகும்வரை சத்தம் நிற்காத வகையும், பேட்டரி மாற்றக்கூடியதும் நல்லது. பையின் அடியில் கிடந்தால் பிரயோஜனமில்லை, தோள்பட்டியில் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே அவசர எண் 000. இங்குள்ள 999 நினைவில் அதையே அழுத்திவிடாதபடி இப்போதே சொல்லி வையுங்கள்.