அவள் வேலையை விட வேண்டாம், நல்ல சூப்பர்வைசரைத் தேடட்டும்

அம்மா, உங்கள் மகள் சமூகப் பணியில் முதுகலை முடித்துவிட்டு, போதை மீட்பு மையம் ஒன்றில் கவுன்சலராகச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இப்போது அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. தேறி வீட்டுக்குப் போனவர் மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று தெரிந்தால் தன்னால்தான் என்று அழுகிறாள். “குடிகாரர்களோடு மல்லுக்கட்டவா இவ்வளவு படிக்க வைத்தீர்கள்?” என்று உறவினர்கள் கேட்கிறார்கள். கடன் வாங்கியாவது எம்.பி.ஏ. சேர்த்துவிடச் சொல்கிறார்கள். எந்தக் கல்லூரி நல்லது என்று கேட்டு நீங்கள் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

பிள்ளை வாடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதுதான். ஆனால் கல்லூரிப் பட்டியல் எதையும் நான் தரப்போவதில்லை. இந்த எம்.பி.ஏ. வேண்டாம் என்பதுதான் என் பதில்.

உங்கள் மகளிடம் தனியாகப் பேசியபோது, “உன் கேஸ்களைப் பற்றி வாராவாரம் யாரோடு உட்கார்ந்து பேசுகிறாய்?” என்று கேட்டேன். யாரோடும் இல்லை, மாதக் கடைசியில் ரிப்போர்ட் மட்டும் கொடுக்கிறேன் என்றாள். வேலையில் பிடித்தது எது என்று கேட்டதற்கு, பல வாரம் மழுப்பிக்கொண்டிருந்த ஒருவர் முதல்முறையாக உண்மையைச் சொல்லும் நேரம் என்று யோசிக்காமல் சொன்னாள். இந்த இரண்டு பதில்களில் விஷயம் முழுவதும் இருக்கிறது. அவள் தவறான தொழிலைத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தத் தொழிலைத் தனியாகச் செய்ய விட்டுவிட்டார்கள்.

இந்தத் துறையில் கிளினிக்கல் சூப்பர்விஷன் என்று ஒன்று உண்டு. பெற்றோருக்கு இது தெரியாததில் ஆச்சரியமில்லை, சில மையங்களை நடத்துபவர்களுக்கே தெரிவதில்லை. வருகைப் பதிவேட்டையும் பைல்களையும் சரிபார்க்கும் அலுவலக மேற்பார்வையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அனுபவமுள்ள ஒரு சமூகப் பணியாளரோ கவுன்சலரோ, இளையவரோடு முன்கூட்டியே குறித்த நேரத்தில் உட்கார்ந்து, அவர் பார்க்கும் கேஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவதுதான் கிளினிக்கல் சூப்பர்விஷன். சமூகப் பணியில் இதைப் பற்றி விரிவாக எழுதிய அல்ஃப்ரெட் கடூஷின், சூப்பர்விஷனுக்கு மூன்று பொறுப்புகளைச் சொன்னார்: நிர்வாகம், கற்பித்தல், தாங்கிப் பிடித்தல். உங்கள் மகளின் மையத்தில் முதலாவது மட்டும் நடக்கிறது. மற்ற இரண்டும் இல்லாததால்தான் அவள் அழுகிறாள்.

அப்படி உட்கார்ந்து பேசும்போது என்ன நடக்கும் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். “நேற்று ஒருவர் குடியை ஒரேயடியாக நிறுத்தப் போகிறேன் என்றார், பாராட்டி அனுப்பினேன்” என்று உங்கள் மகள் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நல்ல சூப்பர்வைசர் உடனே கேட்பார்: தினமும் எவ்வளவு குடிப்பவர்? முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா? டாக்டர் பார்த்தாரா? பல வருடம் தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதேபோல ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளைச் சில வாரம் விட்டிருந்தவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால், உடல் அதைத் தாங்கும் சக்தியை இழந்திருப்பதால் இறந்துபோகலாம். இதெல்லாம் வகுப்பில் படித்ததுதான். ஆனால் எதிரில் ஒரு மனிதர் அழுதுகொண்டிருக்கும்போது, ஓராண்டு அனுபவமுள்ள பெண்ணுக்கு அது உரிய நேரத்தில் நினைவுக்கு வர வேண்டுமே. அதற்குத்தான் இன்னொருவர் தேவை.

இன்னொரு நுட்பமான விஷயமும் உண்டு. நோயாளிக்கும் கவுன்சலருக்கும் இடையில் நடப்பது, கவுன்சலருக்கும் சூப்பர்வைசருக்கும் இடையில் அப்படியே திரும்ப நடப்பதை ஹெரால்ட் சேர்ல்ஸ் என்ற மனநல மருத்துவர் 1955இல் எழுதினார். போதைச் சிகிச்சையில் இது கண்கூடு. நோயாளி “கொஞ்சம்தான் குடித்தேன்” என்று குறைத்துச் சொல்கிறார். அதே வாரம் கவுன்சலர் சூப்பர்வைசரிடம் வந்து “பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு செஷன் வரவில்லை, அவ்வளவுதான்” என்கிறார். மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இருக்காது. நோயாளியின் பழக்கம் அவரை அறியாமல் தொற்றியிருக்கும். பழகிய சூப்பர்வைசர் அங்கே நிறுத்தி, “இப்போது யாருடைய குரலில் பேசுகிறாய்?” என்று கேட்பார். இதைத் தனியாக உட்கார்ந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

சுயமதிப்பீட்டை நம்ப முடியாது என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. போதைப் பழக்கம் உள்ளவரோடு வாதாடாமல், மாறுவதற்கான காரணங்களை அவர் வாயாலேயே வரவழைக்கும் மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்ற முறையை வில்லியம் மில்லர் 1983இல் எழுதி அறிமுகப்படுத்தினார். அவரும் அவருடைய குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், உரிமம் பெற்ற 140 போதைச் சிகிச்சைப் பணியாளர்களைப் பிரித்து வெவ்வேறு விதமாகப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சிப் பட்டறையோடு நின்றுவிட்டவர்களைவிட, அதன்பிறகு தங்கள் உரையாடல் பதிவுக்குக் கருத்தோ தனிப்பட்ட வழிகாட்டலோ பெற்றவர்களுக்குத் திறமை அதிகம் கூடியது. எனக்கு முக்கியமாகப் பட்டது அதில் வந்த இன்னொரு முடிவு: தான் எவ்வளவு திறமைசாலி என்று ஒருவர் நினைத்துக்கொண்டதற்கும், ஒலிப்பதிவில் கேட்ட திறமைக்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே நல்ல இடங்களில் நோயாளியின் சம்மதத்தோடு செஷனைப் பதிவு செய்து, இருவரும் சேர்ந்து கேட்கிறார்கள். எத்தனை கேள்வி கேட்டாய், அவர் சொன்னதை எத்தனை முறை அவருக்கே திருப்பிச் சொன்னாய் என்று எண்ணுகிறார்கள். ஒரு கேள்விக்கு இரண்டு முறையாவது திருப்பிச் சொல்வது நல்ல தேர்ச்சிக்கு அடையாளம். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கேள்விகளையே அடுக்குவார்கள்.

இது வசதியுள்ளவர்களுக்கான ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். பிரிட்டனில் கவுன்சலர்களின் பெரிய தொழில் அமைப்பான பி.ஏ.சி.பி., தன்னிடம் அங்கீகாரம் பெற்றவர்கள் மாதம் ஒன்றரை மணி நேரமாவது சூப்பர்விஷன் பெற வேண்டும் என்கிறது. இருபது வருட அனுபவம் உள்ளவருக்கும் இதே விதிதான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் சமூகப் பணியாளர் தனியாகச் சிகிச்சை தரும் உரிமம் பெற, முதுகலைக்குப் பிறகு இரண்டு வருடம் அல்லது அதற்கும் மேல் சூப்பர்விஷனில் வேலை செய்திருக்க வேண்டும்.

சரி, இதில் எதிர்காலம் என்ன என்று கேட்பீர்கள். இன்று சூப்பர்விஷன் பெறுபவர், சில வருடம் நேரடி அனுபவம் சேர்ந்ததும் அதைக் கொடுப்பவராக முடியும். புதியவர்கள் உடைந்துபோய் வேலையை விட்டு ஓடுவது எல்லா மையங்களுக்கும் பெரிய தலைவலி. அவர்களை நிலைநிறுத்தத் தெரிந்தவர் குறைவு. அந்த இடத்துக்குப் போவதற்குத் தனிப் பயிற்சி உண்டு. தான் செய்யும் சூப்பர்விஷனையே மூத்தவர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். இளையவரை மதிப்பிடவும் தெரிய வேண்டும், இன்னும் தயாராகாதவரை “இந்தக் கேஸ் இப்போது உனக்கு வேண்டாம்” என்று தடுக்கவும் தெரிய வேண்டும். அதேசமயம் அவருக்குச் சிகிச்சை கொடுப்பவராக மாறிவிடக் கூடாது. குடியிலிருந்து மீண்டு கவுன்சலராக வந்தவர்கள் இந்தத் துறையில் நிறைய இருப்பதால், இந்தக் கடைசி எல்லை மிக முக்கியம்.

பணத்தைப் பற்றிக் கறாராகவே சொல்கிறேன். அவளுக்கு நாட்டமில்லாத படிப்புக்குக் கடன் வாங்காதீர்கள். அந்தத் தவணையை இன்று அறிவுரை சொல்லும் எந்த உறவினரும் கட்டப்போவதில்லை. கடன் ஏறிவிட்டால், பிடிக்காத வேலையை விடும் சுதந்திரமும் அவளுக்குப் போய்விடும். சில நாள் வகுப்பில் சூப்பர்வைசர் சான்றிதழ் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அதையும் கொடுக்காதீர்கள். நேரடி அனுபவம் இல்லாமல் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. செலவு செய்ய நியாயமான இடம் ஒன்றுதான்: மையம் சூப்பர்விஷன் தர மறுத்தால், வெளியில் ஒரு மூத்தவரிடம் கட்டணம் கொடுத்துப் பெறுவது. அதற்கும் முதலில் மையத்தின் சம்மதம் வேண்டும், நோயாளியின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது. தனியாகக் கட்ட முடியாவிட்டால் நாலைந்து கவுன்சலர்கள் சேர்ந்து குழுவாகப் பெறலாம். மற்றவர் கேஸைக் கேட்பதிலும் நிறையக் கற்கலாம்.

வேறு மையத்துக்குப் போவதானால், நேர்காணலில் சம்பளம் கேட்பதற்கு முன்பே அவள் சிலவற்றைக் கேட்க வேண்டும். எனக்கு யார் சூப்பர்வைசர், அவர் நேரடியாக நோயாளிகளைப் பார்த்தவரா? வாரம் எவ்வளவு நேரம், அது வேலை நேரத்துக்குள் வருமா? ஒரே சமயத்தில் எத்தனை கேஸ் கொடுப்பீர்கள்? ராத்திரி ஒருவர் தற்கொலை செய்துகொள்ளப் போவதாகப் போன் செய்தால் நான் யாரைக் கூப்பிட வேண்டும்? என் சம்பள உயர்வை முடிவு செய்பவரும் சூப்பர்வைசரும் ஒருவரேயா? ஒருவரே என்றால் பயந்துகொண்டு தவறுகளை மறைக்கத் தோன்றும், அதை முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முதல் கேள்விக்கே பதில் இல்லாத இடத்தில் சேர வேண்டாம்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அவளிடம் நோயாளிகளைப் பற்றித் துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவள் சொல்லவும் கூடாது. “இந்த வாரம் உன் கேஸ்களைப் பற்றி யாரிடமாவது பேசினாயா?” என்று மட்டும் கேளுங்கள். தூக்கமின்மை இப்படியே தொடர்ந்தால் டாக்டரைப் பார்க்க அழைத்துப் போங்கள். சூப்பர்விஷன் அதற்கு மாற்று இல்லை.

வாராவாரம் ஒரு மணி நேரம் சூப்பர்விஷன் வேண்டும் என்று மையத்துக்கு எழுத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். கடிதத்தை அவளே எழுதட்டும், நீங்கள் திருத்த வேண்டாம். அது கிடைத்து ஆறு மாதம் போன பிறகும் இந்த வேலை தனக்கு ஒத்துவரவில்லை என்று அவளே சொன்னால், அப்போது என்னிடம் வரட்டும், வேறு வழி பார்ப்போம். எம்.பி.ஏ.தான் வேண்டும் என்று அவளே கேட்டாலும் எனக்கு மறுப்பில்லை. அவள் வாயிலிருந்து அது வரும்வரை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.