ஜவ்வு கிழிந்துவிட்டது என்கிறார்கள், எந்த ஜவ்வு? விளையாட்டில் வரும் முட்டிக் காயங்கள்: கேள்வி பதில்

முட்டி பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, பிசியோ. வருஷக்கணக்கில் விளையாட்டுக் காயங்களோடுதான் பிழைப்பு, அதில் ஒன்று என் சொந்த முட்டி.

கேள்வி: அண்ணா, ஃபுட்பால் ஆடும்போது சடாரென்று திரும்பினேன். யாரும் மோதவில்லை, உள்ளே "டப்" என்று சத்தம் கேட்டது. ஒரு மணி நேரத்தில் முட்டி வீங்கிவிட்டது. ஜவ்வு கிழிந்திருக்கும் என்கிறார்கள். ஆபரேஷன் கட்டாயமா?

எந்த ஜவ்வு என்று கேட்டீர்களா தம்பி? நாம் எல்லாவற்றையும் ஜவ்வு என்று சொல்லிவிடுகிறோம், குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. எலும்பையும் எலும்பையும் பிணைத்து வைக்கிற லிகமென்ட்டும் ஜவ்வு, தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி கிடக்கிற பிறை வடிவ மெனிஸ்கஸும் ஜவ்வு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முட்டிக்கு நடுவே குறுக்காக ஓடுகிற ஏசிஎல் லிகமென்ட் என்றுதான் தோன்றுகிறது. அது பெரும்பாலும் யாரும் மோதாமலேயே, ஓடி வந்து பாதத்தை ஊன்றித் திரும்பும்போது கிழிகிறது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் வீங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். மறுநாள் காலையில் மெல்ல வீங்கினால் மெனிஸ்கஸ் பக்கம் சந்தேகம் போகும். முட்டியைக் கொஞ்சம் மடக்கி, கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்க்கிற சோதனை ஒன்று உண்டு, பழகிய கைக்கு அதிலேயே பாதி தெரிந்துவிடும், மீதிக்கு எம்ஆர்ஐ.

ஆபரேஷன் கட்டாயமில்லை. ஸ்வீடனில் இளவயதுக்காரர்கள் 121 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் வந்தது. 62 பேருக்குப் பயிற்சியோடு உடனே ஆபரேஷன். மீதி 59 பேருக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். இரண்டு வருஷம் கழித்து வலியிலும் முட்டியின் செயல்பாட்டிலும் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அந்த 59 பேரில் 23 பேர்தான் அதற்குள் ஆபரேஷனுக்குப் போயிருந்தார்கள். ஆனால் சும்மா நடக்கும்போதே முட்டி நழுவுகிறது, கூடவே மெனிஸ்கஸும் கிழிந்திருக்கிறது, திரும்பவும் வெட்டித் திரும்பி ஓடுகிற ஆட்டம்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் ஆபரேஷன் பக்கமே நானும் சாய்வேன். எதுவானாலும் முதலில் வீக்கம் வடியட்டும், முட்டி முழுசாக நீளட்டும். விறைத்துப் போன முட்டியோடு அவசரப்பட்டு டேபிளில் ஏறினால் பிறகு அந்த விறைப்போடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, உள்பக்க லிகமென்ட்டான எம்சிஎல் மட்டும் கிழிந்திருந்தால் பெரும்பாலும் கத்தியே வேண்டாம். சில வாரம் முட்டியைத் தாங்கிப் பிடிக்கிற பிரேஸ், பயிற்சி, தானாக ஆறிவிடும்.

கேள்வி: ஏசிஎல் ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம். வலியே இல்லை, ஓடுகிறேன். டோர்னமென்ட் ஆடலாமா சார்?

ஆடாதீர்கள். இதைக் கண்டிப்பாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் ஏழாவது மாதத்தில் இறங்கினேன், வலியில்லை என்ற ஒரே தைரியத்தில். இருபதாவது நிமிடத்தில் அதே முட்டி, அதே "டப்". என் பிசியோ வேண்டாம் என்றுதான் சொன்னார், கேட்காதது நான்.

உள்ளே என்ன நடக்கிறது என்றால், கிழிந்த ஏசிஎல்லுக்குப் பதிலாகத் தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழே இருந்தோ எடுத்து வைத்த தசைநாருக்கு (தசையை எலும்போடு பிணைக்கிற நார்) ஆரம்பத்தில் ரத்த ஓட்டமே கிடையாது. முதல் சில மாதங்களில் அது வைத்த அன்று இருந்ததைவிடப் பலவீனமாகக்கூட இருக்கும், பிறகுதான் புது ரத்தக் குழாய் முளைத்து மெல்ல மெல்ல லிகமென்ட் மாதிரி மாறும். இது எதுவும் உங்களுக்கு வலியாகத் தெரியாது. நார்வேயில் 2016-இல் வந்த ஒரு ஆய்வில், ஒன்பது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய வாய்ப்பு ஏறத்தாழ பாதி பாதியாகக் குறைந்தது.

ஒன்பது மாதம் ஆனாலும் காலண்டர் மட்டும் போதாது. ஒற்றைக் காலில் எவ்வளவு தூரம் தாவுகிறீர்கள் என்று அளந்து பாருங்கள், தொடை முன்தசையின் பலத்தை மெஷினில் சோதியுங்கள், இரண்டிலும் நல்ல காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதமாவது வரட்டும். பிரேசில் ரொனால்டோ ஞாபகம் இருக்கிறதா? 1999 நவம்பரில் முட்டித் தசைநார் கிழிந்து, ஆபரேஷன் செய்து, 2000 ஏப்ரலில் திரும்பி வந்து, மைதானத்தில் இறங்கிய சில நிமிடங்களிலேயே அந்த நார் முழுசாக அறுந்து, கீழே விழுந்தார். அது ஏசிஎல் இல்லை, வேறு நார்தான். அந்த முறை நிதானமாக ஆற விட்டார், 2002 உலகக் கோப்பையில் எட்டு கோல்.

கேள்வி: எனக்கு 48 வயது, வார இறுதியில் ஷட்டில். அடிபடவே இல்லை, மெல்ல மெல்ல வலி வந்தது. எம்ஆர்ஐயில் மெனிஸ்கஸ் கிழிசல் என்று போட்டிருக்கிறது. துளை போட்டுச் சரிசெய்துவிடலாம் என்கிறார்கள்.

ரிப்போர்ட்டைக் கொஞ்ச நேரம் மேஜை டிராயரில் வையுங்கள் சார். ஐம்பதை நெருங்கினால் வலியே இல்லாதவர்களின் முட்டியிலும் இந்தக் கிழிசல் தாராளமாக இருக்கும், தலை நரைப்பது மாதிரி. பின்லாந்தில் 146 பேரை வைத்து ஒரு ஆய்வு, 2013-இல் வெளியானது. பாதிப் பேருக்கு நிஜமாகவே கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள், மீதிப் பேருக்குத் துளை மட்டும் போட்டு, வெட்டுவது மாதிரி பாவனை செய்துவிட்டு மூடிவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு தரப்பும் கிட்டத்தட்ட ஒரே அளவு தேறியிருந்தது! ஆகவே முதலில் மூன்று மாதம் ஒழுங்காகத் தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சி, தேவைப்பட்டால் எடை குறைப்பு.

முட்டி பாதியில் பூட்டு விழுந்த மாதிரி நின்றுவிட்டு, நீட்டவே முடியவில்லை என்றால் கதை வேறு, உடனே போங்கள். இருபது வயதுப் பையனுக்கு ஆட்டத்தில் கிழிந்ததும் வேறு கதை. மெனிஸ்கஸின் வெளி விளிம்பில் ரத்த ஓட்டம் உண்டு, அங்கே கிழிந்தால் தைத்தால் ஆறும். வெட்டி எடுத்துவிட்டால் மெத்தை போனது போனதுதான், அதனால் "தைக்க முடியுமா?" என்று டாக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள்.

கேள்வி: மாடிப்படி இறங்கும்போதும் ரொம்ப நேரம் உட்கார்ந்து எழும்போதும் சில்லைச் சுற்றி வலி. ஓடுவதை நிறுத்த வேண்டுமா?

நிறுத்த வேண்டாம், குறையுங்கள். பெரும்பாலும் திடீரென்று தூரத்தைக் கூட்டியதால் வருவது. இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்கும் தொடைக்கும் பலம் ஏற்றுங்கள், ஓடும்போது எட்டு வைப்பதைச் சிறிதாக்கி நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: வாலிபால். சில்லுக்கு நேர் கீழே ஒரே புள்ளியில் வலி. இரண்டு மாதம் ஓய்வெடுத்தேன், திரும்பக் குதித்ததும் திரும்ப வலி.

தசைநாருக்கு வெறும் ஓய்வு ஆகாது, ஓய்வில் இன்னும் சோம்பேறியாகிவிடும். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி 45 வினாடி நில்லுங்கள், அப்படி ஐந்து தடவை. பலருக்கு அப்போதைக்கு வலியே குறையும். அப்புறம் கனமான எடையோடு மெதுவாக உட்கார்ந்து எழுவது, கடைசியில்தான் குதிப்பது. பயிற்சியில் பத்துக்கு மூன்று அளவு வலி வந்தால் பயப்படாதீர்கள், மறுநாள் காலையில் அது கூடியிருந்தால் மட்டும் எடையைக் குறையுங்கள். மூன்று மாதமாவது ஆகும். நாருக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து, தொட்டாலே வலிக்கிறது என்கிறான். பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் அம்மா. வளர்கிற எலும்பில் தசைநார் ஒட்டியிருக்கும் இடத்தை, ஓடுவதும் குதிப்பதும் மாறி மாறி இழுப்பதால் பெரும்பாலும் வருவது இது, வளர்த்தி நின்றதும் வலியும் போய்விடும், புடைப்பு மட்டும் தங்கலாம். வலி அதிகமான வாரங்களில் ஆட்டத்தைக் குறைத்தால் போதும். ஆனால் இரவில் தூக்கத்தைக் கலைக்கிற வலி, காய்ச்சல், காலைச் சாய்த்து நொண்டுவது, இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். இந்த வயதில் இடுப்பு மூட்டுக் கோளாறு சில சமயம் முட்டி வலியாகவே வெளியே தெரியும், அதனால் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அடிபட்டதும் ஐஸா, சூடா? எக்ஸ்ரே எப்போது?

முதல் இரண்டு மூன்று நாள் சூடும் வேண்டாம், அழுத்தி நீவுவதும் வேண்டாம். ஐஸ் வலியைக் குறைக்கும், அவ்வளவுதான், காயத்தை ஆற்றாது. நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை, முட்டியை 90 டிகிரி மடக்க முடியவில்லை, சில்லைத் தொட்டால் எலும்பிலேயே வலிக்கிறது, வயது 55 அல்லது அதற்கு மேல், இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: முட்டி பெல்ட் போட்டுக்கொண்டு ஆடினால் போதாதா?

போதாது. பெல்ட் தைரியம் தரும், ஏசிஎல்லைக் காப்பாற்றாது. அதைவிட ஃபிஃபாவின் "11+" வார்ம்-அப்பைப் பழகுங்கள், இருபது நிமிடம்தான், காயங்கள் குறைகின்றன என்று ஆய்வுகளிலேயே தெரிந்தது. ஏசிஎல் கிழியும் வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், பெண்கள் அணிக்கு இது இன்னும் அவசியம். இன்றைக்கே ஒன்று செய்யுங்கள்: முழங்கால் உயரப் பெட்டியிலிருந்து குதித்து இறங்குவதை எதிரில் நின்று யாரையாவது போனில் வீடியோ எடுக்கச் சொல்லி, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தரையைத் தொடும்போது இரண்டு முட்டியும் உள்ளே சாய்ந்து ஒன்றையொன்று பார்க்கிறதென்றால், பெல்ட் வாங்கப் போவதை விட்டுவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.