சோறு எப்படித் தெம்பாகிறது? கேள்விகளும் பதில்களும்

கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். செல்கள் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் விதம் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள். அடிக்கடி வரப்போகும் ஏ.டி.பி. என்பது, செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறு.

பிளஸ் டூ மாணவி: மேடம், ஒரு குளுக்கோஸிலிருந்து 38 ஏ.டி.பி. என்று டியூஷன் நோட்ஸில் இருக்கிறது. அண்ணன் 32 என்கிறான். எது சரி?

அண்ணன் சொல்வதுதான்மா. 30 முதல் 32 வரை. 38 என்பது பழைய கணக்கு. தேர்வுக்கு மட்டும் உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ளதை எழுதுங்கள்.

வங்கி ஊழியர் ஒருவர்: உணவு உடம்புக்குள் "எரிகிறது" என்கிறார்களே, தீயே இல்லாமல் எப்படி?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. சோற்றிலிருந்து வந்த குளுக்கோஸ் முதலில் செல்லின் சாற்றிலேயே பைருவேட் என்ற இரண்டு சிறு மூலக்கூறுகளாக உடைகிறது. அதில் மிஞ்சுவது 2 ஏ.டி.பி. மட்டும். பைருவேட், செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போனதும் அதன் கார்பன் முழுவதும் கார்பன் டை ஆக்சைடாகப் பிரிகிறது. நாம் வெளிவிடும் மூச்சில் இருப்பது அதுதான்.

நிஜமான வேலை அப்புறம்தான். உணவிலிருந்து கழற்றிய எலெக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஆக்சிஜனிடம் சேர்ந்து தண்ணீராகின்றன. வழியில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு செல் புரோட்டான்களைச் சவ்வின் மறுபக்கம் தள்ளுகிறது. அணையில் தண்ணீர் தேக்குவது போலத்தான். தேங்கிய புரோட்டான்கள் ஏ.டி.பி. சின்தேஸ் என்ற புரதம் வழியாகத் திரும்பி வரும்போது அந்தப் புரதம் சக்கரமாகச் சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. புரோட்டான் தேக்கம்தான் ஏ.டி.பி.யை உண்டாக்குகிறது என்று 1961-இல் பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978-இல் அதற்கே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தப் புரதச் சக்கரத்தின் சுழற்சியை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்த்தார்கள். அந்தப் படத்தை வகுப்பில் காட்டும் ஒவ்வொரு முறையும் எனக்குப் புல்லரிக்கும்.

அவரே மீண்டும்: அப்படியானால் சயனைடு ஏன் கொல்கிறது?

எலெக்ட்ரானை ஆக்சிஜனிடம் கொடுக்கும் கடைசிப் புரதத்தை அது அடைத்துவிடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் செல்லால் அதைப் பயன்படுத்த முடியாது.

இல்லத்தரசி ஒருவர்: தோசை மாவு பொங்குவதும் இதே கதைதானா?

பாதிக் கதை. மாவில் உள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையைக் கடைசி வரை உடைப்பதில்லை. லாக்டிக் அமிலமாக விட்டுவிடுகின்றன, புளிப்பு அதனால். சிலவகை பாக்டீரியாக்கள் கூடவே கார்பன் டை ஆக்சைடும் விடுவதால் மாவு பொங்குகிறது. இந்த வழியில் ஒரு குளுக்கோஸுக்கு ஒன்றோ இரண்டோ ஏ.டி.பி.தான் தேறும். நம் சிவப்பணுக்களும் இப்படித்தான் பிழைக்கின்றன. உடம்பு முழுக்க ஆக்சிஜன் சுமக்கும் அவற்றுக்கு மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது!

ஜிம் போகும் இளைஞர்: அக்கா, டி.என்.பி. என்ற மாத்திரை கொழுப்பை உருக்கும் என்கிறார்கள். எடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம் தம்பி. நான் சொன்ன அணையில் அது ஓட்டை போடுகிறது. புரோட்டான்கள் சக்கரத்தைச் சுற்றாமலே கசிந்துவிட, உணவின் ஆற்றல் வெறும் சூடாகிறது. எடை குறையும்தான், ஆனால் உடல் வெப்பம் கட்டுக்கு அடங்காமல் ஏறி மனிதர்கள் செத்திருக்கிறார்கள். முறிமருந்தும் இல்லை. கைக்குழந்தையின் பழுப்புக் கொழுப்பும் குளிர் தாங்க இதே கசிவைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் அங்கே திறக்கவும் மூடவும் மதகு உண்டு, மாத்திரைக்கு இல்லை. யாராவது கையில் கொடுத்திருந்தால் இன்றே தூக்கிப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்தது யார் அம்மா?

1929-இல் ஜெர்மனியில் கார்ல் லோமன். அதே ஆண்டு ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும் தனியாகக் கண்டறிந்தார்கள் ஐயா. சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அங்கி அணிந்து வகுப்புக்குப் போனவர். அது பிடிக்காமல் போனதால், எம்.பி.பி.எஸ். கொடுக்காமல் அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு அனுப்பிவிட்டார்கள்.