அல்சர் கிருமியை புராஜெக்டாக எடுக்கும் முன்

எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் கடைசி செமஸ்டருக்கு ‘அல்சர் நோயாளிகளில் எத்தனை பேருக்கு காக்-ஏ மரபணு உள்ள ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறது’ என்ற தலைப்பை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிருமி சரி. கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள்.

மேலை நாடுகளில் காக்-ஏ இருந்தால் அல்சர் வரும் வாய்ப்பு கூடுதல் என்று தெரிந்தது. கொல்கத்தாவில் பார்த்தபோதோ, முன்சிறுகுடலில் புண் உள்ளவர், எந்தத் தொல்லையும் இல்லாதவர் என்று இரு தரப்பிலும் அது பரவலாகவே கிடைத்தது. இரு தரப்பிலும் இருப்பதை வைத்து நோயாளியைப் பிரித்தறிய முடியாது. ஆகவே கிருமி இருந்தும் அல்சர் இல்லாதவர்களின் பயாப்சியும் (வயிற்றிலிருந்து எடுக்கும் சிறு திசுத் துண்டு) உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் கையில் மிஞ்சுவது வெறும் சதவீதம். வைவாவில் முதல் கேள்வியும் அதைப் பற்றித்தான் வரும்.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் ஆசையை இப்போதைக்கு விடுங்கள். 5 சதவீத ஆக்சிஜன், 10 சதவீத கார்பன் டைஆக்சைடு, 37 டிகிரி வெப்பம், மூன்று முதல் ஏழு நாள் பொறுமை எல்லாம் வேண்டும். (1982இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் மார்ஷலும் வாரனும் இதை முதலில் வளர்த்ததே, ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் வழக்கத்தைவிட அதிக நாள் இன்குபேட்டரில் கிடந்ததால்தான்.) நான்கைந்து மாத புராஜெக்டுக்கு பயாப்சியிலிருந்து நேரடியாக டிஎன்ஏ எடுத்து, வேண்டிய மரபணுத் துண்டைப் பல மடங்காக்கும் பிசிஆர் செய்வதே நடக்கிற காரியம்.

காக்-ஏவோடு சேர்த்துப் பார்க்கும் இன்னொரு மரபணு வாக்-ஏ, கிருமியின் நச்சுப் புரதத்துக்கானது. அதிகம் தடுக்கி விழும் இடம் அதுதான். வழக்கமான பிரைமரில் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) அதன் எஸ்1 வகை 259, எஸ்2 வகை 286 பேஸ் ஜோடி. வித்தியாசம் வெறும் 27. ஒரு சதவீத அகரோஸ் ஜெல்லில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டு சதவீதத்துக்குக் குறையாமல் ஊற்றி, மெதுவாக ஓட்டுங்கள். இரண்டு பேண்டும் (ஜெல்லில் தெரியும் டிஎன்ஏ கோடு) சேர்ந்து வந்தால் உடனே பிழை என்று தள்ளிவிடாதீர்கள், ஒரே வயிற்றில் இரண்டு வகைக் கிருமி இருக்கலாம். காக்-ஏ பேண்ட் வரவில்லை என்றால், முதலில் இந்தக் கிருமி எல்லாவற்றிலும் இருக்கும் பொது மரபணு ஒன்று அதே டிஎன்ஏவில் வருகிறதா என்று பாருங்கள். அதுவும் வரவில்லையா? அதை ‘காக்-ஏ இல்லை’ என்று எழுதவே கூடாது.

நோயாளி கடந்த இரண்டு வாரத்தில் ஒமிப்ரசோல் வகை மாத்திரையோ, நான்கு வாரத்தில் ஆன்டிபயாடிக்கோ எடுத்திருந்தால் கிருமி குறைந்து, பொய்யான நெகட்டிவ் வரும். மருந்தை நிறுத்தச் சொல்வது உங்கள் வேலையல்ல. தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த மாதிரியைச் சேர்க்காமல் விடுங்கள்.

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாமல் ஒரு பயாப்சியும் தொடக்கூடாது. முந்தைய செமஸ்டரிலேயே விண்ணப்பியுங்கள்.

வேலைவாய்ப்பு விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கிருமிக்காக மருத்துவமனை ஆய்வகங்களில் பார்ப்பது யூரியேஸ் சோதனை, மூச்சுச் சோதனை, மல ஆன்டிஜன். காக்-ஏ அல்ல. அதனால் அதே டிஎன்ஏவில் கிருமியின் 23எஸ் மரபணுவின் 2142, 2143ஆம் இடங்களையும் வரிசைப்படுத்திப் பாருங்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்குக் கிருமி பணியாமல் போவது பெரும்பாலும் அங்கே நிகழும் மாற்றத்தால்தான். எந்த மருந்து கொடுப்பது என்று டாக்டர் முடிவு செய்ய உதவுவது அந்தத் தகவல். பயோடேட்டாவில் முதல் வரியாக அதைப் போடுங்கள்.