லண்டனில் சட்டச் சேவை நிறுவன வேலைக்கு வரும் தேவிபட்டினத்துத் தம்பிக்கு

தம்பி, மாற்றுச் சட்டச் சேவை நிறுவனம் ஒன்றில் உங்களுக்கு லண்டனில் வேலை கிடைத்திருப்பதாகவும், அது வக்கீல் வேலைதானா, வாடகை எவ்வளவு, குளிர் தாங்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாடகையையும் குளிரையும் உடன் தங்குபவர்கள் ஒரே வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ராமநாதபுரம் நீதிமன்றத்தில் இரண்டு வருடம் ஜூனியராக இருந்துவிட்டு வந்த எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.

பெரிய கம்பெனிகளுக்குச் சொந்தமாகச் சட்டப் பிரிவு உண்டு. அங்கிருக்கும் சில வக்கீல்களால் ஆயிரக்கணக்கான ஒப்பந்தங்களையும் வழக்குக்கான மின்னஞ்சல்களையும் படித்து முடிக்க முடியாது. பெரிய சட்ட நிறுவனத்திடம் கொடுத்தால் மணிக்கணக்கில் பில் ஏறும். அந்த வேலையைக் குறைந்த செலவில் எடுத்துச் செய்வதுதான் நம் நிறுவனங்களின் தொழில். இங்கிலாந்தின் 2007ஆம் ஆண்டுச் சட்டச் சேவைகள் சட்டம், நீதிமன்றத்தில் வாதாடுவது, வழக்கு நடத்துவது உட்பட 6 வகைப் பணிகளை அனுமதி பெற்றவர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறது. ஒப்பந்தம் படிப்பது அதில் வராது. ஆகவே நீங்கள் செய்யப்போவது சட்ட வேலைதான், ஆனால் நீங்கள் சொலிசிட்டர், அதாவது இங்கே அனுமதி பெற்ற வக்கீல், அல்ல. ஊர்க் கல்யாணத்தில் ‘லண்டன் லாயர்’ என்று சொல்லிக்கொள்ளும் நம்மவர்கள் சிலரைப் பார்த்து விசிட்டிங் கார்டு அடித்துவிடாதீர்கள். தகுதியில்லாமல் சொலிசிட்டர் என்று சொல்லிக்கொள்வது இங்கே குற்றம். அந்தப் பெயர் வேண்டுமென்றால் 2021இல் வந்த எஸ்.க்யூ.இ. என்ற சொலிசிட்டர் தகுதித் தேர்வை எழுதுங்கள்.

நான் முக்கியமாக எச்சரிக்க நினைப்பது வேறு. வழக்கில் எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டிய ஆவணங்களைப் பிரிக்கும்போது, வக்கீல் தன் கட்சிக்காரருக்குச் சொன்ன ஆலோசனையைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். அதை எதிர்த்தரப்புக்குக் காட்டாமல் வைத்துக்கொள்ளும் உரிமைக்குப் பெயர் பிரிவிலேஜ். முதல் மாதத்தில், சரக்குத் தாமதம் பற்றிய ஒரு மின்னஞ்சலின் மேற்பகுதியை மட்டும் பார்த்து, ‘கொடுக்கலாம்’ என்று குறித்துவிட்டேன். அதன் அடியில், நான்காவது பதிலில், கம்பெனியின் வக்கீல் தங்கள் தரப்பு எங்கே பலவீனம் என்று விவரமாக எழுதியிருந்தார். இரண்டாம் சுற்றில் சரிபார்த்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் அதைக் கண்டுபிடித்திராவிட்டால் அது எதிரியின் கைக்கே போயிருக்கும். வக்கீலுக்கு நகல் போட்டிருப்பதால் மட்டும் ஒரு கடிதம் பிரிவிலேஜ் ஆகிவிடாது என்பதையும் அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். மணிக்கு எத்தனை ஆவணம் என்று உங்களிடம் கணக்குக் கேட்பார்கள். அதற்காக அடிவரை படிக்காமல் எதையும் குறிக்காதீர்கள்.

அப்படிப் படிக்கும் பழக்கம் எனக்கு ஊரிலேயே இருந்தது, பதற்றத்தில்தான் விட்டுவிட்டேன். பெரியபட்டினத்துத் தென்னந்தோப்பு ஒன்றின் கிரயப் பத்திரம் வந்தபோது, என் சீனியர் முதலில் சொத்து விவரத்தைத்தான் படிக்கச் சொன்னார். நான்கெல்லைக்குக் கீழே, ‘கிணற்றில் தங்கைக்குள்ள பாதிப் பாத்தியம் நீங்கலாக’ என்று ஒரு வரி இருந்தது. டாலர் கடன்களுக்கு வங்கிகள் அடிப்படையாக வைத்திருந்த லைபர் வட்டி விகிதம் 2023 ஜூன் 30உடன் முடிவுக்கு வந்தபோது, கடன் ஒப்பந்தங்களில் மாற்று வட்டிக்கான ஷரத்தைத் தேடும் வேலை எங்களுக்கு வந்தது. அதே பழக்கத்தில் நான் பின்னிணைப்பிலிருந்து தொடங்கினேன்; பலவற்றில் அது அங்கேதான் இருந்தது. இல்லாதவற்றை ‘இல்லை’ என்று குறித்து, என் கருத்து எதையும் எழுதாமல், கம்பெனி வக்கீலுக்கு அனுப்பினேன்.