பட்டிப்பூக் கசாயம் மருந்தாகுமா?

நிலாவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அப்பாவுக்கு 62 வயது, பத்து வருடமாகச் சீனி வருத்தம். வளவில் நிற்கும் பட்டிப்பூ இலையை ஒரு பிடி அவித்துக் காலையில் குடிக்கிறார், மெட்ஃபோமின் குளிசையும் போடுகிறார். மூன்று கிழமையில் வெறுவயிற்றுச் சீனி 210 இலிருந்து 160 க்கு வந்துவிட்டது. இதை ஒரு மருந்தாகச் செய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?"

முதலில் அப்பா. கசாயத்தை இப்போதைக்கு நிறுத்தட்டும். மெட்ஃபோமினை நிறுத்தக் கூடாது. இவ்வளவு நாளும் கசாயம் குடித்ததை அடுத்த கிளினிக்கில் ஒளிக்காமல் டொக்டரிடம் சொல்ல வேண்டும். ஏன் என்பதை இந்தச் செடியின் கதையே சொல்லும்.

பட்டிப்பூவை நித்தியகல்யாணி என்றும் சொல்வார்கள். ஜமைக்காவிலும் இதைச் சீனி வருத்தத்துக்கு அவித்துக் குடித்தார்கள். 1952 இல் அந்த இலை கனடாவில் ரொபேட் நோபிள் என்ற ஆய்வாளரின் கைக்குப் போனது. எலிகளுக்கு வாயால் கொடுத்தபோது சீனி குறையவில்லை. சாற்றை ஊசியால் ஏற்றியபோது எலிகள் கிருமித் தொற்றில் செத்தன. குருதியைப் பார்த்தால் வெண்குருதிக் கலங்கள் விழுந்திருந்தன. அவர் சீனியை விட்டுவிட்டு அந்தத் தடயத்தைப் பின்பற்றினார். 1958 இல் சார்ள்ஸ் பியருடன் சேர்ந்து வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். அதே செடியிலிருந்து வந்த வின்கிறிஸ்டின் 1963 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கும் மருந்து அது. கலத்துக்குள் இருக்கும் நுண்குழாய்களைக் குலைத்து, கலம் பிரிவதைத் தடுப்பதுதான் இரண்டினதும் வேலை. நரம்புகளுக்கும் அந்தக் குழாய்கள் தேவை. அதனால்தான் வின்பிளாஸ்டின் குருதிக் கலங்கள் உண்டாகும் எலும்பு மச்சையையும், வின்கிறிஸ்டின் நரம்புகளையும் தாக்குகின்றன. சீனி வருத்தத்தில் கால் நரம்பும் புண் ஆறும் சக்தியும் ஏற்கெனவே பலவீனமாக இருக்கலாம். இலையில் இப்பொருள்கள் மிகமிகக் குறைவுதான். ஆனால் ஒரு பிடியில் எவ்வளவு, அவித்தபின் எவ்வளவு என்று அளக்காமல் தினமும் குடிப்பது சரியில்லை. கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

அடுத்தது 210 உம் 160 உம். வீட்டுக் குளுக்கோமீட்டருக்கான சர்வதேசத் தரமே, 100 க்கு மேற்பட்ட அளவுகளில் 15 வீதம் கூடக் குறைய இருப்பதை அனுமதிக்கிறது. உண்மையான அளவு 183 ஆக இருந்தாலும் ஒரு நாள் 210 என்றும் இன்னொரு நாள் 160 என்றும் காட்டலாம். கசாயம் தொடங்கியவர் சோற்றைக் குறைத்திருப்பார், குளிசையையும் ஒழுங்காகப் போட்டிருப்பார். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனைதான் இங்கே நம்பத்தக்கது.

சரி, மருந்தாக்கும் வேலை எப்படி நடக்கிறது? இலையை நிழலில் உலர்த்தி, அரைத்து, நிறுத்து எடுத்து, ஹெக்சேன், எதைல் அசற்றேற்று, மெதனோல், தண்ணீர் என்று வேறுவேறு கரைப்பான்களில் சாறெடுப்பார்கள். ஒவ்வொரு சாற்றையும் ஒரே சோதனையில் போட்டு, வேலை செய்வதை மட்டும் மேலும் மேலும் பிரித்துத் தனிப்பொருள் வரை போவார்கள். பெரும்பாலானவை இங்கேயே விழுகின்றன. இலையிலுள்ள துவர்ப்புப் பொருளான தனின், நொதியங்களைக் கண்டபடி ஒட்டிப்பிடித்து, வேலை செய்வதுபோல் ஏமாற்றும். வெப்பத்தால் கெடும் பொருள்களும் உண்டு. மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினைத் தேடிய து யூயூ, 1971 இல் அவிப்பதை விட்டுவிட்டு, 35 பாகையில் கொதிக்கும் ஈதரால் சாறெடுத்த பிறகுதான் வெற்றி கண்டார். வீட்டுக் கசாயமும் ஆய்வுகூடச் சாறும் ஒரே இலையிலிருந்து வந்தாலும் ஒரே பொருளல்ல.

தனிப்பொருள் கிடைத்தபின், அது குடலில் உறிஞ்சப்படுகிறதா, ஈரல் எவ்வளவு வேகமாக உடைக்கிறது, இதயத் துடிப்பைக் குழப்புகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு இரண்டு வகை விலங்குகளில் நச்சுத்தன்மைச் சோதனை. மனிதனுக்கான முதல் அளவு அதிலிருந்துதான் வருகிறது. எலிக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 50 மில்லிகிராம் வரை தீங்கில்லை என்று வையுங்கள். எலியின் அளவை மனித அளவாக மாற்ற, உடல் பரப்பை வைத்துக் கணித்த எண் 6.2. அதால் பிரித்தால் மனிதனுக்கு ஏறத்தாழ 8. பாதுகாப்புக்காக இன்னொரு பத்தால் பிரித்தால் 0.8. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 48 மில்லிகிராம். இதற்கு மேலே போகாமல் தொடங்கி, மெல்ல மெல்லத்தான் ஏற்றுவார்கள்.

மனிதச் சோதனை மூன்று கட்டம்: சில பத்துப் பேர், சில நூறு பேர், பிறகு பல நூறு தொடக்கம் ஆயிரங்கள் வரை. இதற்குள் நுழைகிறவற்றில் பத்தில் ஒன்றளவே கடைசியில் அனுமதி பெறுகிறது. தொடக்கத்திலிருந்து கணக்கிட்டால் பத்துப் பதினைந்து வருடம். இலங்கையில் ஒழுக்கவியல் குழுவின் அனுமதியும், 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும்.

பட்டிப்பூவை எலிகளின் சீனிக்குச் சோதித்த ஆய்வுகள் ஏற்கெனவே நிறைய உண்டு. எல்லாருக்கும் தெரிந்த பயன்பாட்டுக்குக் காப்புரிமையும் கிடைக்காது. அந்த வழியில் காசு செலவழிக்க வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாத ஒரு மூலிகைக் கைமருந்து இருந்தால், பூவும் இலையும் உள்ள கொப்பொன்றைப் பத்திரிகைத் தாளுக்குள் அழுத்தி, தாளைத் தினமும் மாற்றி உலர்த்துங்கள். பறித்த திகதி, இடம், மண் எல்லாவற்றையும் எழுதுங்கள். கச்சான் வெயிலில் பறித்த இலையும் மார்கழி மழைக்குப் பின் பறித்ததும் ஒரே வீரியமாக இராது. "ஒரு பிடி" என்பதைத் தராசில் கிராமாக்குங்கள். எவ்வளவு தண்ணீர், எவ்வளவாக வற்ற வேண்டும் என்பதையும் குறியுங்கள். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் தேசிய உலர்தாவரகம் செடியின் பெயரை உறுதிசெய்யும். உங்களுக்குக் கிட்டவே கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில், சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். அங்கே பேசிப் பாருங்கள். அதுவரை செய்முறையை முகநூலில் போடாதீர்கள், போட்டால் காப்புரிமைக்கு வேண்டிய புதுமை போய்விடலாம்.

அப்பா கிளினிக்குக்குப் போகும்போது மீட்டர் அளவுகளை எழுதிய கொப்பியும், எத்தனை நாள், எவ்வளவு கசாயம் குடித்தார் என்ற கணக்கும் கையில் இருக்கட்டும். எச்பிஏ1சியோடு முழுக் குருதிக் கணிப்பீடும் தேவையா என்று கேளுங்கள். பாதத்தில் விறைப்போ எரிவோ, ஆறாத புண்ணோ இருந்தால் அதை முதலாவதாகச் சொல்லுங்கள்.